முப்பத்தெட்டுக் காய்ச்சல்

விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் சலவை ஆலையின் பின்பக்கக் குழாய் ஒரு தடவை இருமும். பாய்லர் மாமா நீராவி ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்கள் நாற்பது பேர் வாசலைத் தாண்டி உள்ளே போவோம். பாதிப் பேர் நடந்துகொண்டே தூங்குகிறவர்கள். உள்ளே போனதும் சூடு முகத்தில் அறையும்போதுதான் தூக்கம் கலையும். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் ஈரத்துணியும் கலந்த வாடை ஒன்று உண்டு. வீட்டுக்குப் போய் எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆஸ்பத்திரிகளும் லாட்ஜுகளும் முதல் நாள் அழுக்காக்கி அனுப்பியதெல்லாம் எங்களிடம்தான் வரும். பிரிக்கும் மேசையில் ஊசியக்கா நிற்பாள். ஆஸ்பத்திரி விரிப்புக்குள் சுருண்டு வரும் ஊசிகள் அவள் விரலைத்தான் தேடிப் பிடித்துக் குத்தும். அதனால் அந்தப் பேர். அவள் பிரித்துப் போட, துவைத்து, பிழிந்து, தள்ளுவண்டியில் மலைபோல் குவித்துக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்துவார்கள். ஈர விரிப்பு ஒன்றின் கனம் ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அப்படி ஒரு நாளைக்கு எண்ணூறு.

என் இடம் உருளை. ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு நீளம், கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன், உள்ளே கொதிக்கும் நீராவி. இரண்டு பேர் விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி, இழுத்து, ஓரத்தை உருளையில் வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபக்கம் இஸ்திரி போட்டபடி வந்து விழும். விரிப்பு உள்ளே போகும்போது விரல் வெளியே வந்துவிட வேண்டும். வேலையே அவ்வளவுதான்.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புப் பட்டை உண்டு. விரல் பட்டால் உருளை டக்கென்று நிற்பதற்காக வைத்தது. ஆனால் விரலுக்கும் தடித்த தையலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. முதலாளி புதிதாக இரண்டு ஆஸ்பத்திரிகளைப் பிடித்து உருளையின் வேகத்தைக் கூட்டியபின், விரிப்பின் ஓரம் தட்டித்தட்டி மணிக்குப் பத்துத் தடவை நின்றது. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், கிழிந்த விரிப்பு நாடாவால் பட்டையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். யார் கட்டியது என்று நாங்களும் கேட்கவில்லை. நின்றுநின்று ஓடினால் எண்ணூறு முடியாது, முடிக்காமல் வீட்டுக்கு விடமாட்டார்கள். எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வாசலில் ஒரு பலகை இருக்கிறது. 'விபத்தில்லா நாட்கள்' என்று மேலே எழுதி, கீழே மூன்று கொக்கிகளில் மூன்று தகர எண்கள். தினமும் முதலில் வருகிறவர் என்பதால் எண்ணை மாற்றும் பொறுப்பும் பாய்லர் மாமாவுடையது. நூறாவது நாள் ஆளுக்கொரு பிளாஸ்க் கொடுத்தார்கள். இருநூறாவது நாள் குடை. நடுவில் யாருக்காவது காயம்பட்டால் எண் பூச்சியத்துக்குப் போகும். நாற்பது பேருக்கும் பரிசு போகும். அப்புறம் நாற்பது பேரும் அந்த ஒருவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குக் காயமே பரவாயில்லை.

அதனால்தான் எங்கள் ஆலையில் காய்ச்சல் வர ஆரம்பித்தது.

முதலில் வந்தது எனக்கு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உருளையில் பட்டுத் தோல் உரிந்தது. மேனேஜர் ஒரு தாளை நீட்டி, "காய்ச்சல்னு போட்டு லீவு எழுதிக் குடும்மா, சம்பளத்தோட தர்றேன்" என்றார். எழுதினேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். அந்தப் பெருமை இன்னும் விடவில்லை. என் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்து ஊசியக்கா வந்தாள், "எனக்கும் அப்படியே முத்து முத்தா எழுதித் தா" என்று. அதன்பிறகு யாருக்கு எது கிழிந்தாலும் சீட்டு எழுதுவது என் வேலையாகிவிட்டது. நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். "உன் காய்ச்சலுக்கு எத்தனை தையல்?" என்று தேநீர் நேரத்தில் கேட்டுச் சிரிப்போம். சிரிக்காமல் இருந்தால் அழ வேண்டியிருக்கும், அதற்கு நேரம் கிடையாது.

உருளையின் எதிர்முனையில் என்னோடு நின்றவள் என் நாத்தனார். வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். என் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். மாதத்தில் இருபது நாள் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். நான்தான் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

ஒரு நாள், வேலை தொடங்கி மூன்றாவது மணி நேரம். விரிப்பின் முனை ஒன்று மடங்கிக்கொண்டது. மடங்கியபடி போனால் மறுபடி துவைக்கச் சொல்வார்கள் என்று அவள் எட்டி நிமிர்த்தினாள். அவள் கத்தவில்லை. "அண்ணி" என்று மட்டும் சொன்னாள், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. நிறுத்தும் சுவிட்ச் பக்கச் சுவரில் இருந்தது, ஒன்பது எட்டுத் தூரம். ஓடினேன். உருளை நின்றபோது அவளுடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை என்றே சொல்லலாம். அந்த விரிப்பை மறுபடி துவைத்தார்கள். கறை சுத்தமாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மேனேஜரே முன்னால் போய், "வீட்ல கதவிடுக்குல நசுங்கிடுச்சு டாக்டர்" என்றார். வைத்தியச் சீட்டைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் வராந்தாவில் என்னிடம் வந்தார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல எழுநூறாவது நாள். பாதுகாப்பு மன்றம் விருது தருது, அமைச்சர் வர்றாரு. வைத்தியச் செலவு மொத்தம் கம்பெனி பாத்துக்கும். ஒன்றரை மாசம் சம்பளத்தோட லீவு. வழக்கம்போல ஒரு சீட்டு எழுதிடும்மா."

எழுதினேன். என் நாத்தனாருக்குக் காய்ச்சல் என்று என் கையால் எழுதினேன். கை நடுங்கக்கூட இல்லை. எழுத்து எப்போதும்போல முத்து முத்தாகத்தான் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் காறித் துப்பலாம்போல இருக்கும்.

எழுநூறாவது நாள் முற்றத்தில் பந்தல். நாங்கள் துவைத்து வெளுத்த விரிப்புகளையே மேசைகளுக்கு விரித்திருந்தார்கள். மன்றத்துத் தலைவர் முதலாளியிடம் ஒரு கேடயத்தைக் கொடுத்தார். அமைச்சர் மைக்கைப் பிடித்தார்.

"எங்கள் ஆட்சியில் தொழிலாளியின் உடம்பில் ஒரு கீறல்கூட விழாது என்று சொன்னேன். சிரித்தார்கள். இதோ இந்த ஆலை! எழுநூறு நாள்! ஒரு சொட்டு ரத்தம் உண்டா? ஆதாரம் இல்லாமல் நான் எதையும் பேசுவதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் எனக்கு எழுதிக் கேட்கலாம்!"

கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். சின்னவள் கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கையை மேலங்கிப் பைக்குள் விட்டிருந்தாள். ஒரு கையால் எப்படித் தட்டுவது? அதனால் அவள் மட்டும் சும்மா நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் அவள் நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், லீவு முடிஞ்சு வரும்போது என்னை மடிப்பு மேசைக்கு மாத்திடுங்க. என்னால முனை பிடிக்க முடியாது."

"ஏன் முடியாது?"

அவள் கையை வெளியே எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்க்காமல் பந்தல்காரரைப் பார்த்தார்.

"ரெக்கார்டுல உனக்குக் காய்ச்சல்தானே? காய்ச்சல் விட்டா அதே வேலைக்கு வரணும். ஒன்றரை மாசம் முடியற திங்கக்கிழமை உருளையில நிக்கணும். இல்லேன்னா பேரை எடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சின்னவள் சொன்னாள்.

"அண்ணி, அவரு கேக்கச் சொன்னாரில்ல? கேப்போமா?"

"யாருடி?"

"அமைச்சரு. ஆதாரம் இருக்குன்னாரே. கேப்போம்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்கள் மைக்கில் சொல்வதையெல்லாம் நம்பி எழுத உட்கார்ந்தால் நாட்டில் தாள் பற்றாது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. சமையலறையில் போய்த் தாளை எடுத்து வைத்துவிட்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

பாய்லர் மாமாவையும் கூப்பிட்டோம். அவர் சொன்னபடி எழுதியிருந்தால் எங்கள் மூன்று பேரையும் அன்றே பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள். வசவுகளையெல்லாம் வடிகட்டியதில் நான்கே வரி தேறியது. 'ஐயா, எங்கள் ஆலை முற்றத்தில் தாங்கள் பேசியபோது, இங்கே எழுநூறு நாட்களாக ஒருவருக்கும் காயமில்லை என்றும், அதற்கு ஆதாரம் உண்டு என்றும், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் சொன்னீர்கள். நாங்கள் அந்த ஆலையில் வேலை செய்கிறவர்கள். கேட்கிறோம். ஆதாரம் என்ன?' பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இதே கடிதத்தைப் பாதுகாப்பு மன்றத்துக்கும் அனுப்பினோம்.

மன்றத்திலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. அமைச்சரே நேரில் பாராட்டியிருக்கும்போது வேறு ஆதாரம் எதற்கு என்று கேட்டிருந்தார்கள். அமைச்சர் அலுவலகத்திலிருந்தும் வந்தது. மன்றமே விருது கொடுத்திருப்பதுதான் ஆதாரம் என்று எழுதியிருந்தார்கள். பாய்லர் மாமா இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "இவன் அவனைக் கை காட்டறான், அவன் இவனைக் கை காட்டறான். நடுவுல நாம பந்து பொறுக்கறோம்" என்றார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் சின்னவளும் நேரே அமைச்சர் அலுவலகத்துக்கே போனோம். மர பெஞ்சில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களை நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன். வேர்த்து வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"வேலை வேணும்னு வருவாங்க, வீடு வேணும்னு வருவாங்க. பேசினதுக்கு ஆதாரம் குடுன்னு இந்த இருபது வருஷத்துல யாரும் வந்ததில்லம்மா."

"அவருதான் கேக்கச் சொன்னாரு சார்."

"அது பேச்சுக்குச் சொல்றது."

சின்னவள் கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டு அவிழ்த்திருந்த நாள் அது. எழுத்தர் அதைப் பார்த்தார். அப்புறம் முத்திரையைத் தேடி எடுத்துக் கடிதத்தின்மேல் ஒரு குத்துக் குத்தினார். "இதுக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும். அனுப்பறேன், போங்க" என்றார். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எதற்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நம்பிக்கைதான். நமக்குப் பழக்கமில்லாததால் நோய் மாதிரி இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை அமைச்சர் அலுவலகத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் அறையில் எல்லாரும் சுற்றி உட்கார, பாய்லர் மாமா உறையைக் கிழித்தார். மேலே ஒரு கடிதம். கடந்த எழுநூறு நாட்களில் மேற்படி ஆலையில் எடுக்கப்பட்ட மருத்துவ விடுப்புகள் அனைத்தும் காய்ச்சல் காரணமாகவே எடுக்கப்பட்டவை. தொழிலாளர்களே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த சீட்டுகளின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. இதுவே ஆதாரம்.

அடியில் முப்பத்தெட்டு நகல். முப்பத்தெட்டும் என் எழுத்து.

உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். பிழியும் எந்திரத்தில் தோள் இறங்கியவர், சலவைச் சோடா நீர் கண்ணில் தெறித்தவர், ஊசி குத்தி மூன்று மாதம் பயந்துகொண்டே ரத்தம் சோதித்த ஊசியக்கா, எல்லாருக்கும் காய்ச்சல். என்னுடையதும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் சின்னவளுடையது.

"நீதானே எழுதின?" என்று மூலையிலிருந்து ஒரு குரல். "அழகா எழுதறேன், அழகா எழுதறேன்னு எல்லாருக்கும் சேத்து ஆப்பு வெச்சிட்டியே."

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினேன்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் அந்தக் கேடயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குளிர்சாதனக் காற்று என் ஈர உடையில் பட்டு உடம்பு நடுங்கியது.

"ஆதாரம் கேட்டீங்களாமே. வந்துதா?"

"வந்துச்சு சார்."

"நீங்க கேட்டீங்க, அவங்க குடுத்தாங்க. விஷயம் முடிஞ்சுது." மேசைமேல் ஒரு நகலைத் தள்ளினார். "இது உன் எழுத்துதானே? பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு."

"ஆமா சார்."

"அப்ப இன்னொண்ணு எழுது. கேட்ட ஆதாரம் கிடைச்சுது, திருப்தி, ஒரு புகாரும் இல்ல. உன் பேர் போதும். எழுதினா உன் நாத்தனாரை மடிப்பு மேசைல உக்கார வெச்சிடறேன். ஆயுசுக்கும் அவ உருளைப் பக்கம் போக வேணாம்."

"எழுதலேன்னா?"

அவர் கோபப்படவில்லை. என்மேல் இரக்கப்படுகிறவர்போலப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லாமலே காய்ச்சல்னு முப்பத்தெட்டு பொய்ச் சீட்டு எழுதினவளை நான் எப்படிம்மா வேலைல வெச்சிக்கறது? கையெழுத்துப் போட்டவங்களும் பொய்தானே சொல்லியிருக்காங்க?"

"மேனேஜர் சார்தான் எழுதச் சொன்னாரு."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

இந்தக் கேள்வியை நாங்கள் கேட்க ஒரு மாதம் அலைந்தோம். அவர் நாற்காலியைவிட்டு எழாமலே கேட்டுவிட்டார்.

"திங்கக்கிழமை காலைல சொல்றேன் சார்."

"சொல்ல வேணாம். எழுதிக் குடு."

வீட்டில் சின்னவளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, "எழுதிடறேன்டி. எனக்கு முடியல. உனக்கு ஒரு இடம் கிடைச்சா போதும்" என்றேன். உண்மையாகவே எனக்கு முடியவில்லை. படுத்தால் ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று இருந்தது.

அவள் இடது கையால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப உருளைல உங்க எதிர்ல யாரு நிக்கறா?"

"புதுசா ஒருத்தி. பேசவே மாட்டா. கடகடன்னு வேலை செய்வா."

"மடங்கின முனையை எட்டி நிமித்தறாளா?"

அன்று காலையில்கூட நிமிர்த்தினாள். 'விடு, விடு' என்று நான் இரண்டு தடவை கத்தினேன்.

"அவளுக்கும் காய்ச்சல் வருமே அண்ணி. அதையும் நீங்கதானே எழுதணும்?"

அவள் இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதனால்தான் அது குத்தியது. நான் எழுந்து போய் உறையை எடுத்து, என் சீட்டின் நகலைத் தேடி எடுத்தேன். 'காய்ச்சல்' என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன். கீழே எழுதினேன்: 'இது பொய். உருளையில் கை வெந்தது. காய்ச்சல் என்று எழுதச் சொன்னவர் மேனேஜர். எழுதியது நான். தழும்பு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.' தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சட்டப்படி என் வேலையை நானே தூக்கிக் கொடுத்த மாதிரிதான். ஆனால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எழுதி முடித்ததும் கை லேசாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். வந்தால் வரட்டும், வராவிட்டால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாருக்கும் வயிறு இருக்கிறது.

முதலில் பாய்லர் மாமா வந்தார். ஏழாவது சீட்டு அவருடையது, நீராவிக் குழாய் வெடித்து முதுகு வெந்த காய்ச்சல். அவருக்காக நான் பேனாவை எடுத்தேன். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ எழுத வேணாம்மா. நீ எழுதினா எல்லாம் ஒரே கையின்னு சொல்லுவான். எழுத்துக் கூட்டி நானே எழுதறேன்."

அரை மணி நேரம் ஆனது அவருக்கு மூன்று வரி எழுத. 'முதுகு' என்று எழுதுவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. "பாய்லரையே தள்ளிடலாம் போல, இந்தப் பேனாவைத் தள்ள முடியல" என்றார். ஊசியக்கா வந்தாள். எழுதும்போதே அழுதாள், அழுதுகொண்டே எழுத்தைத் திட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் என்னைக் குற்றம் சொன்ன அந்த மூலைக்குரல்காரரும் வந்தார். என்னைப் பார்க்காமல், "என்னுது எது?" என்று கேட்டு வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் இரண்டு அறை வீட்டில் தரையெல்லாம் தாள். கோணல்மாணலாக, பெரிதும் சிறிதுமாக, எழுத்துப்பிழையோடு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை.

எல்லாரும் வரவில்லை. இரண்டு பேர் வேலையைவிட்டே போய்விட்டவர்கள், எங்கே என்று தெரியாது. நான்கு பேர் கதவைத் திறக்கவில்லை. ஒருத்தி திறந்து, "என் வீட்டுக்காரர் படுத்த படுக்கை, என்னை விட்டுடுங்க" என்று சொல்லி அழுதாள். விட்டுவிட்டோம். பொழுது சாய எண்ணிப் பார்த்தால் முப்பது தேறியது.

முப்பத்தொன்றாவதைச் சின்னவள் எழுதினாள். இடது கையில் பேனாவைக் குழந்தை கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். நான் தாளை மட்டும் நகராமல் அழுத்திக்கொண்டேன். 'எனக்கு காச்சல் இல்ல. ரெண்டு விரல் போச்சு. பட்டைய கட்டி வெச்சிருந்தாங்க.' எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தாளின் ஓரம்வரை போய்விட்டது. நான் பரிசு வாங்கிய எழுத்தெல்லாம் அதற்கு உறைபோடக் காணாது.

மேலே ஒரு கடிதம் வைத்தோம். அதை மட்டும் நான் எழுதினேன். 'ஐயா, தாங்கள் அனுப்பிய ஆதாரம் கிடைத்தது. திருத்தி அனுப்பியிருக்கிறோம். அதே முற்றத்தில், அதே மைக்கில், இதையும் தாங்கள் படித்துக்காட்ட வேண்டும்.' திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் ஊசியக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய் அதை எழுத்தர் கையில் கொடுத்து முத்திரை வாங்குவது என்று முடிவானது. முதலாளிக்கும் ஒரு நகல். அவர் எழுதித்தானே கேட்டார்.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்குக் குழாய் இருமியது. வாசலில் பாய்லர் மாமா பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். மூன்று கொக்கியும் காலி. தகர எண்கள் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு தெரிந்தன.

"கை வரலம்மா" என்றார். "இதை மாத்தி மாத்தி எழுநூறு நாள் நானும்தானே பொய் சொல்லியிருக்கேன்."

ஒன்றரை மாத லீவு முடிந்து சின்னவள் என்னோடு உள்ளே வந்தாள். மேலங்கியை மாட்டிவிட்டேன், முடிச்சுப் போட அவளால் முடியவில்லை. உருளை முன்னால் புதிதாக வந்தவள் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்தாள், சின்னவளின் கையைப் பார்த்தாள், அப்புறம் தலைக்குமேல் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தாள். வண்டியின் விளிம்பில் ஏறி நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வருடக்கணக்கில் நீராவியில் ஊறிய முடிச்சு, இறுகிப்போயிருந்தது. நானும் ஏறினேன். இரண்டு பேர் நகமும் பிய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் துவைக்கும் பக்கத்திலிருந்து யாரோ கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நாடா அறுந்து விழுந்தது. தடுப்புப் பட்டை தன் பழைய இடத்தில் வந்து தொங்கியது.

சின்னவள் விரிப்பின் ஒரு முனையை இடது கையாலும் மறுமுனையை வலது கையின் மூன்று விரலாலும் பிடித்தாள். உதறினோம். உருளை இழுத்தது. பாதியில் தையல் பட்டையில் தட்ட, உருளை டக்கென்று நின்றது. மறுபடி ஓட்டினோம். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது கூடத்தில் மற்ற எந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யாரும் சொல்லிவைத்துச் செய்ததில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். தரையில் கிடந்த நாடாவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு அறுத்தது இதை? யாரு அறுத்ததுன்னு கேக்கறேன்!"

நாற்பது பேரும் அவரையே பார்த்தோம். நாளைக்கு வேலை இருக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அமைச்சர் படிப்பாரா, அந்தத் தாள்கட்டு எந்த அலமாரியில் தூசி தின்னப் போகிறது என்பதும் தெரியாது. விரிப்பின் முனையைப் பிடித்தபடியே சின்னவள்தான் வாயைத் திறந்தாள்.

"எழுதிக் கேளுங்க சார். ஆதாரத்தோட பதில் தர்றோம்."

யாரோ முதலில் சிரித்தார்கள், ஊசியக்காவாக இருக்கலாம். சிரிப்பு பிரிக்கும் மேசையிலிருந்து பிழியும் எந்திரம்வரை போய், பாய்லர் அறையில் பாய்லர் மாமாவின் இருமலோடு முடிந்தது. மேனேஜர் முதலாளி அறைப் பக்கம் நடந்தார். உருளை நின்றபடியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஈர விரிப்பைக் கீழே விடாமல், ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம்.